திருகோணமலை ஆக்கள் ஆராவது வழி சொல்லுங்கோ, தம்பி போதைக்குப் பெயின்ட் கரைக்கிற தின்னர் மணக்கிறான்

எல்லாருக்கும் வணக்கம், நான் உப்புவெளிப் பக்கம். சித்தியிட மகனுக்கு 15 வயசு, பின்னேரத்தில வள்ளம் திருத்துற இடத்துக்கு உதவிக்குப் போவான், அதால சேர்ட்டில பெயின்ட் மணம் வந்தும் நாங்க ஒண்டும் யோசிக்கேல்ல, கண் சிவந்து வாயைச் சுத்திப் புண் வந்து சாப்பாடும் குறைஞ்ச பிறகுதான் பாக்கைப் பாத்தம், தின்னர் நனைச்ச துணியும் சொப்பிங் பாக்கும் இருந்திச்சு. சித்தி அண்டையில இருந்து நித்திரை இல்லாம இருக்கிறா.

கசிப்பு, கஞ்சா இல்லத்தானே, கடையில விக்கிற சாமான்தானே எண்டு சித்தப்பா சொல்றார். அப்பிடி இல்ல. தின்னரிலயும் சில பசையிலயும் இருக்கிற டொலுயின் மூளையையும் நரம்பையும் பழுதாக்கும், இதயத் துடிப்புக் குழம்பி முதல் தரம் இழுக்கிற பிள்ளையே செத்துப் போகலாம். பையைத் தலையில மாட்டி இழுத்தா மூச்சும் அடைச்சிடும். இழுத்துக் கொண்டு நிக்கிற பிள்ளையைப் பேசி, கலைச்சு ஓட விடக்கூடாதாம், அந்தப் பயத்திலயே இதயம் நிக்கலாம், இது தெரியாம சித்தப்பா அண்டைக்கு அடிக்கப் போயிட்டார்! மெதுவாக் கதைச்சு காத்துப் படுற இடத்துக்குக் கூட்டிப் போகோணும், மயங்கினா உடன 1990 அம்புலன்ஸுக்கு எடுக்கோணும்.

போதைப் பழக்கத்துக்கு ஆலோசனை சொல்ற 1927 இலக்கத்துக்கு எடுத்துக் கதைக்கலாம் எண்டு தெரியும், ஆனா அவனோட முகம் பாத்துத் தமிழில பொறுமையாக் கதைக்கிற உளவளத்துணை ஆள் திருமலை டவுனுக்குள்ள ஆரும் இருக்கினமா? பிரதேச செயலகத்தில கேட்டுப் போன ஆக்கள் இருந்தா எப்பிடி இருந்திச்சு எண்டு சொல்லுங்கோ. பள்ளிக்கூடத்துக்குச் சொன்னா நிப்பாட்டிப் போடுவினமோ எண்டும் பயமாக் கிடக்கு. பேர் போடாம இன்பொக்ஸில எழுதினாலும் காணும்.