ரெக்ஸம் 3-5: முதல் மேட்சை வைத்து ஒரு அணியை எடைபோட முடியுமா?

லீக்டூ_புதுசு:

2023 ஆகஸ்ட் 5, இங்கிலாந்து லீக் டூ (நாலாவது டிவிஷன்) சீசனின் முதல் சனிக்கிழமை. 15 வருஷம் கழித்து ஃபுட்பால் லீகுக்கு (மேலிருந்து இரண்டாவது முதல் நாலாவது வரையுள்ள டிவிஷன்கள்) திரும்பிய வேல்ஸ் கிளப்பான ரெக்ஸம், சொந்த மைதானமான ரேஸ்கோர்ஸில் எம்.கே. டான்ஸிடம் 3-5 என்று தோற்றது. ஹாலிவுட் முதலாளிகள், ஆவணத் தொடர், போன சீசனில் ஒரு படி கீழே இருக்கும் நேஷனல் லீகில் 111 புள்ளி என்று அவ்வளவு எதிர்பார்ப்பு இருந்த அணி அது. அதே ரெக்ஸம் 88 புள்ளியோடு இரண்டாவது இடத்தில் முடித்து நேரடியாக ஒரு படி மேலே, லீக் ஒன்னுக்கு ஏறியது.

கீழ் டிவிஷன் ஆட்டங்களை இப்போதுதான் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். அன்றைக்கு ஸ்டாண்டில் இருந்த ரசிகர் எதைப் பார்த்திருந்தால் "இது சரியாகிவிடும்" என்று சொல்லியிருக்க முடியும்? பொதுவாகவே முதல் மேட்சில் எதைக் குறித்துக்கொள்ள வேண்டும், எதைக் கண்டுகொள்ளாமல் விடலாம்?

பெரம்பூர்_ஸ்டாப்பர்:

ஸ்கோரைக் கடைசியில் பாருங்கள். அதே நாளில் நடந்த இன்னொரு மேட்ச்: சட்டன் யுனைடெட் 5, நாட்ஸ் கவுண்டி 1. அன்று இரவு டேபிளைப் பார்த்தவர்கள் சட்டன் இந்த வருஷம் கலக்கப்போகிறது என்று நினைத்திருப்பார்கள். சட்டன் 23வது இடத்தில் முடித்து நேஷனல் லீகுக்கு இறங்கியது. அஞ்சு வாங்கிய நாட்ஸ் கவுண்டி 14வது.

ஒன்று கவனித்தீர்களா? அந்த வருஷம் நேஷனல் லீகிலிருந்து ஏறி வந்தவை ரெக்ஸமும் நாட்ஸ் கவுண்டியும்தான். இரண்டுமே முதல் நாளில் அஞ்சு கோல் வாங்கின. கீழே வாராவாரம் ஜெயித்துப் பழகிய அணி எதிராளியின் பாதியிலேயே குடியிருந்து ஆடும், பின்னால் இடம் கிடப்பதைப் பற்றிக் கவலைப்படாது. ஏனென்றால் அங்கே அந்த இடத்துக்குப் பந்தைச் சரியாகப் போட ஆள் குறைவு. ஒரு டிவிஷன் ஏறியதும் அதே பந்து காலுக்குச் சரியாக வந்து விழும். எம்.கே. டான்ஸோ அப்போதுதான் லீக் ஒன்னிலிருந்து இறங்கி வந்த அணி. அதனால் எதிராளி போன சீசன் எங்கே இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, யார் ஆடவில்லை. ரெக்ஸமின் கோல் மெஷின் பால் மல்லின் அன்று இல்லை. ஜூலை கடைசியில் சான் டியாகோவில் மான்செஸ்டர் யுனைடெட்டோடு நடந்த நட்பு ஆட்டத்தில் எதிரணி கீப்பரோடு மோதி விலா உடைந்து, நுரையீரலில் ஓட்டை விழுந்தது. அந்த நிலையில் விமானத்திலும் ஏற்ற முடியாது. உயரத்தில் கேபின் அழுத்தம் குறையும்போது நெஞ்சுக்குள் சிக்கிய காற்று விரிந்து நுரையீரலை நசுக்கும். ஆகவே அணி திரும்பி வந்த பிறகும் அவர் கலிஃபோர்னியாவிலேயே இருந்தார். செப்டம்பரில் திரும்பி வந்து, லீகில் மட்டும் 24 கோல். முதல் நாள் டீம் ஷீட்டில் இல்லாத ஒருவர் 24 கோல் அடிப்பார் என்றால் முதல் நாள் ஸ்கோருக்கு என்ன மதிப்பு?

அமெரிக்கப் பயணத்தையும் கணக்கில் சேருங்கள். ஜூலை முழுக்க அணிகள் ஓட்டத்துக்கும் மூச்சுக்கும் உழைக்கிற மாசம். ரெக்ஸம் அதில் பாதியை விமானத்திலும் விளம்பரத்திலும் கழித்தது. கலிஃபோர்னியாவுக்கும் வேல்ஸுக்கும் 8 மணி நேர வித்தியாசம். பணம் வரும் பயணம்தான், வேண்டாம் என்று எந்தக் கிளப்பும் சொல்லாது. ஆனால் அதற்கான விலையை ஆகஸ்டில் கட்ட வேண்டியிருக்கும்.

வடமராட்சி_கோலி:

தம்பி, மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் உதைபந்தாட்டத்தில ஒரு விசயம் முதல் ஆட்டத்திலேயே தெளிவாத் தெரியும்: பந்துக் காப்பாளர்.

ரெக்ஸம் அந்த சீசன் 46 ஆட்டத்தில வாங்கின கோல் 52. அதில 13 முதல் நாலு லீக் ஆட்டத்திலேயே வந்தது: எம்.கே. டான்ஸ் 5, விம்பிள்டன் 1, வால்சால் 2, ஸ்விண்டன் 5. மிச்சம் 42 ஆட்டத்தில 39. அப்ப கோல் அடிக்கிற பிரச்சினை அந்த அணிக்கு எப்பவுமே இருக்கேல்லை, பின்பக்கம்தான் ஓட்டை. ஸ்விண்டன் ஆட்டம் 5-5 எண்டு முடிஞ்சு ரெண்டு நாளில காப்பாளர் பென் ஃபோஸ்டர் ஓய்வை அறிவிச்சிட்டார். வயசு 40. நாலு மாசத்துக்கு முந்தி இதே ஆள்தான் நாட்ஸ் கவுண்டியோட 3-2 எண்டு நிக்கேக்க 90 நிமிசத்துக்குப் பிறகு கூட்டின நேரத்தில தண்ட உதையை (பெனால்டி) தடுத்து ரெக்ஸத்துக்கு சாம்பியன் பட்டத்துக்கு வழி விட்டவர். அவரைக் குறை சொல்ல ஒருத்தருக்கும் வாய் வராது. பிறகு ஆர்சனலில இருந்து ஆர்தர் ஒகோன்க்வோவைக் கடனுக்கு (கொஞ்சக் காலத்துக்கு மட்டும்) எடுத்தினம்.

ஆனால் கோல் விழுந்தா காப்பாளரிலதான் பிழை எண்டு முடிவு கட்டாதேங்கோ. நீங்கள் பதிவைப் பாக்கிறீங்கள்தானே, ஒவ்வொரு கோலுக்கும் 15 செக்கன் பின்னால போங்கோ. பந்து எங்க பறிபோனது? அந்த நேரம் ரெண்டு விங்பேக்கும் (ரெண்டு ஓரத்திலயும் முன்னுக்கும் பின்னுக்கும் ஓடுறவை) எங்க நிண்டவை? ரெக்ஸம் ஆடினது 3-5-2, அதாவது மூண்டு பின்காவலர், விங்பேக்கோட சேர்த்து நடுவில அஞ்சு பேர், முன்னால ரெண்டு பேர். அந்த முறையில விங்பேக் மேல போயிருக்கேக்க பந்து பறிபோனால், மூண்டு பின்காவலரில ஓரத்தில நிக்கிறவர் கோட்டுப் பக்கம் ஓட வேணும், நடுவில ரெண்டு பேர்தான் மிஞ்சுவினம். அதை நிரப்ப ஒரு நடுக்கள வீரர் பின்னால வரவேணும். அவர் நடந்து வாறாரா ஓடி வாறாரா எண்டு பாருங்கோ. தொலைக்காட்சிக் கமரா பந்தோட போயிடும், ஆகவே மறுபடி போட்டுக் காட்டுற வேற கோணத்தையும் நிப்பாட்டிப் பாக்க வேணும்.

காப்பாளரைப் பார்க்க மூண்டு இடம் போதும். பக்கத்தால வாற உயரப் பந்துக்கு ஆறு யார்ப் பெட்டியை விட்டு வெளியே வாறாரா, இல்லாட்டி கோட்டிலேயே ஒட்டி நிக்கிறாரா? பின்காவலர் முன்னேறி நிக்கேக்க இவரும் கூடவே முன்னால வந்து நிக்கிறாரா? அடிச்ச பந்தைத் தட்டிவிடேக்க அது ஓரத்துக்குப் போகுதா, எதிராளியின்ர காலடியில விழுதா? கடைசி விசயம்தான் கீழ் டிவிஷனில கனக்கக் கோலுக்குக் காரணம்.

ஆஃப்சைட்_ஆறுமுகம்:

"முதல் மேட்ச் ஒன்றுமே இல்லை" என்ற முடிவுக்கு இங்கே எல்லோரும் வேகமாகப் போகிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை.

முதல் மேட்ச் நடக்கும்போது டிரான்ஸ்ஃபர் விண்டோ, அதாவது கிளப்புகள் ஆட்களை வாங்கவும் விற்கவும் அனுமதி உள்ள காலம், இன்னும் திறந்திருக்கிறது. அந்த வருஷம் செப்டம்பர் 1 வரை. அதாவது மானேஜருக்கு நாலு வாரம் கையில் இருக்கிறது. ரசிகர் கேட்க வேண்டிய கேள்வி, "தெரிந்த குறை செப்டம்பர் 1-க்குள் ஆளை எடுத்துச் சரிசெய்யக்கூடியதா?" கீப்பர் சரியில்லை என்றால் சரிசெய்யலாம், பெரிய கிளப்புகளில் ஆட இடமில்லாமல் உட்கார்ந்திருக்கும் இளம் கீப்பர்கள் கடனுக்குக் கிடைப்பார்கள். ஸ்ட்ரைக்கர் காயம் என்றாலும் வழி இருக்கிறது. எந்தக் கிளப்பிலும் ஒப்பந்தத்தில் இல்லாத ஆளை விண்டோ மூடிய பிறகும் எடுக்கலாம். ரெக்ஸம் ஸ்டீவன் ஃப்ளெட்சரை அப்படித்தான் செப்டம்பரில் எடுத்தது. ஆனால் டிஃபென்ஸில் மூன்று பேருமே மெதுவான ஆட்கள், நடுக்களத்தில் பந்தைப் பறிக்க ஒருவரும் இல்லை என்றால் நாலு வாரத்தில் ஒன்றும் நடக்காது. பணமில்லாத கிளப்புக்கு நாலு மாசமும் பத்தாது. ரெக்ஸமிடம் பணம் இருந்தது என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது பாதிக் கதை.

இன்னொன்று. தோற்ற அணியின் ரசிகர்கள் பதறிப்போய் உன்னிப்பாகப் பார்ப்பார்கள். ஏமாறுவது ஜெயித்த அணியின் ரசிகர்கள்தான். அஞ்சு கோல் அடித்த எம்.கே. டான்ஸின் மானேஜர் கிரஹாம் அலெக்சாண்டர் அக்டோபர் நடுவில் வேலையை இழந்தார். அணி 78 புள்ளியோடு நாலாவது வந்தது, ப்ளே-ஆஃப் (மேலே ஏற மிச்சமுள்ள ஒரு இடத்துக்கான போட்டி) அரையிறுதியில் ஏழாவதாக வந்த கிராலியிடம் இரண்டு ஆட்டமும் சேர்த்து 1-8. முதல் நாளே ஒரு எச்சரிக்கை இருந்தது: அஞ்சு அடித்தவர்கள் மூன்று வாங்கவும் செய்தார்கள், அதுவும் மல்லின் இல்லாத அணியிடம். ஜெயித்த மேட்சில் வாங்கிய கோல்களையும் மேலே சொன்ன 15 செகண்ட் முறையில் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

லீக்டூ_புதுசு:

நன்றி. 15 செகண்ட் பின்னால் போவது உடனே வேலைக்கு ஆகிறது. இரண்டு சந்தேகம். ஃபிட்னஸை டிவியில் எப்படிக் கண்டுபிடிப்பது? எத்தனை மேட்ச் கழித்து டேபிளைப் பார்க்கலாம்?

பெரம்பூர்_ஸ்டாப்பர்:

ஃபிட்னஸுக்கு 60வது நிமிஷத்திலிருந்து பாருங்கள். பந்து பறிபோன அடுத்த மூன்று செகண்டில் பக்கத்தில் இருப்பவர் ஓடி நெருக்குகிறாரா, இடுப்பில் கை வைத்து நிற்கிறாரா? டிஃபென்ஸ் வரிசைக்கும் நடுக்களத்துக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போகிறதா? புல்லை வெட்டிய கோடுகள் டிவியில் தெரியும், அதை வைத்து அளக்கலாம். முதல் பாதியில் இரண்டு பட்டை இருந்த இடம் 70வது நிமிஷத்தில் மூன்று பட்டையானால் கால் ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம். முதல் மாற்று ஆளை எப்போது இறக்குகிறார்கள், காயத்துக்காகவா, திட்டப்படியா என்பதையும் எழுதுங்கள். அஞ்சு மாற்று அனுமதி இருக்கும்போது 75 நிமிஷம் வரை ஒருவரையும் இறக்கவில்லை என்றால் பெஞ்சில் நம்பகமான ஆள் இல்லை.

2023-ல் இதற்கு இன்னொரு கோணமும் உண்டு. வீணாகும் நேரத்தைக் கறாராகக் கூட்டித் தர வேண்டும் என்று நடுவர்களுக்கு அந்த சீசனில்தான் புது அறிவுறுத்தல். பயிற்சி குறைந்த அணிக்கு அந்தக் கூடுதல் நிமிஷங்கள்தான் எமன். அப்போது விழுந்த கோல்களைத் தனியாகக் குறியுங்கள், வழக்கமான பலவீனத்தோடு சேர்க்க வேண்டாம்.

கார்னரில் யார் யாரைப் பிடிக்கிறார்கள் என்பதை முதல் இரண்டு கார்னரிலேயே எழுதிவிடுங்கள். புது ஆட்கள் வந்த அணியில் முதல் குழப்பம் அங்கேதான் வரும், மூன்று நாலு வாரத்தில் சரியாகியும் விடும். அதனால் கார்னரில் வாங்கிய கோலுக்கு ஆகஸ்டில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அக்டோபரிலும் வாங்கினால் கெடுத்துக்கொள்ளலாம்.

டேபிளுக்குப் பத்து மேட்ச் பொறுங்கள். அதற்குள் விண்டோ மூடியிருக்கும், காயம்பட்டவர்கள் திரும்பியிருப்பார்கள், மேல், நடு, கீழ் என்று எல்லா வகை எதிராளியும் வந்து போயிருப்பார்கள். மொத்தம் 46 மேட்ச். முதல் மூன்று இடம் நேரடியாக ஏறும், நாலு முதல் ஏழு வரை ப்ளே-ஆஃப், கடைசி இரண்டு இறங்கும். அந்த சீசனில் மூன்றாவது வந்த மேன்ஸ்ஃபீல்டுக்கு 86, நாலாவதுக்கு 78. எட்டுப் புள்ளி இடைவெளி இருந்ததால் ரெக்ஸம் முதல் நாளில் விட்ட மூன்று புள்ளி கடைசியில் உறைக்கவில்லை.

வடமராட்சி_கோலி:

பத்து ஆட்டம் பொறுக்க ஏலாட்டி ஒண்டு செய்யுங்கோ: புள்ளியைப் பாக்காமல் வாங்கின கோலை மட்டும் நாலு நாலு ஆட்டமாக் கூட்டிப் பாருங்கோ. ரெக்ஸத்துக்கு முதல் நாலில 13. ரெண்டாவது நாலிலயும் பத்துக்கு மேல போயிருந்தால் காப்பாளரை மாத்தினது மட்டும் காணாது எண்டு அப்பவே விளங்கியிருக்கும்.