கண்ணுலா: ‘வேர்ச்சுவல் ரூர்’ என்பதற்கு மெய்நிகர் வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நான் கேட்டது ஒரு வரிக் கேள்வி. வேர்ச்சுவல் ரூர் (virtual tour, நேரில் போகாமல் ஓர் இடத்தைத் திரையில் சுற்றிப் பார்ப்பது) என்பதற்கு, விசிட்டிங் கார்டில் போடக்கூடிய மாதிரி, சின்னதாக ஒரு தமிழ்ச் சொல் கிடைக்குமா? இத்தனை மறுமொழி வரும் என்று நினைக்கவில்லை. பகல் முழுக்க யாராவது ஒருவருடைய வீட்டில் ட்ரைபொட்டோடு நின்றுவிட்டு இரவில்தான் கணனியைத் திறக்கிறேன் (கணினி என்று திருத்த வேண்டாம், அந்தச் சண்டையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்). அதனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன், நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டு பேர் நான் திரைப்படத்துறை என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். நான் கொழும்பில் விற்பனைக்கும் வாடகைக்கும் வரும் வீடுகளைப் படமெடுப்பவன். பெரும்பாலும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைத் தொடர்மாடிகள், எப்போதாவது கறுவாத்தோட்டத்தில் ஒரு பெரிய வீடு. கார்டில் ‘ஆதனப் படப்பிடிப்பாளர்’ என்று இருக்கிறது, ஆதனம் என்றால் வீடு, காணி மாதிரிச் சொத்து. ஆதனவரி கட்டும் இங்குள்ளவர்களுக்கு அது உடனே புரியும். தமிழகத்து நண்பர் ஒருவர் அதை ஆசனம் என்று வாசித்து, நாற்காலி விற்கிறீர்களா என்று கேட்டார். படப்பிடிப்பு என்றால் அங்கே சினிமா ஷூட்டிங் என்பதும் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. திணிவு, நிறை கதைதான் இதுவும். நாங்கள் பள்ளிக்கூடத்தில் திணிவு (mass) என்று படித்ததை அங்கே நிறை என்கிறார்கள், நாங்கள் நிறை (weight) என்பதை எடை என்கிறார்கள். இரண்டு கரைக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும் என்று நான் கேட்டதற்கு அதுதான் காரணம். என் படங்களைப் பார்ப்பவர்களில் பாதிப்பேர் இங்கே இல்லை, ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள்.

இந்த வேலையே அப்படித்தான் தொடங்கியது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, கட்டுநாயக்க விமான நிலையம் மூடப்பட்டது, பிறகு 2021 ஜனவரியில்தான் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்தார்கள். அதுவரைக்கும் கலியாண வீட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்த எனக்குக் கலியாணமும் இல்லை, மண்டபமும் இல்லை. வெளிநாட்டிலிருந்து காலி வீதிப்பக்கம் ஃபிளாட் தேடுபவர்களுக்கோ வந்து பார்க்க வழியில்லை. தெரிந்த புரோக்கர் ஒருவர், “தம்பி, அந்தச் சுத்திச் சுத்திப் பாக்கிற படம் எடுப்பியா?” என்று கேட்டார். அதுதான் தொடக்கம்.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

> மெய்நிகர் சுற்றுலா என்று ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, எதற்குப் புதுச் சொல்?

இந்த மறுமொழிதான் அதிகம் வந்தது. நியாயமான கேள்வி. நானும் முதல் இரண்டு வருடம் அதைத்தான் போட்டிருந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

ஸ்காபுறோவிலிருந்து ஓர் அக்கா, என்னுடைய ரூரைப் பார்த்துவிட்டு வெள்ளவத்தையில் கடற்பக்கத் தொடர்மாடி ஒன்றுக்கு அட்வான்ஸ் அனுப்பினார். மூன்று மாதத்தால் வந்து கதவைத் திறந்தார். நானும் போயிருந்தேன். ஹோலின் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “என்ன தம்பி, அறை சுருங்கிப்போச்சு?” என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுக்க, மரைன் டிரைவ் பக்கம் ரயில் போனது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. “இதையும் நீர் காட்டேல்லையே. மெய்நிகர் எண்டு போட்டிருந்தீர்?”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது.

அறை சுருங்கவில்லை, நான் பொய்யும் சொல்லவில்லை. பிழை கோணத்தில் இருக்கிறது. சுற்றிப் பார்க்கும் படத்தைத் திரையில் திறந்தால் மென்பொருள் தொண்ணூறு பாகை, சில வேளை நூறு பாகைக் காட்சியை ஒரு சின்னச் சதுரத்துக்குள் அடக்கிக் காட்டுகிறது. எதிர்ச்சுவர் தள்ளிப்போகிறது, பக்கத்தில் இருக்கும் சோபா நீளுகிறது. பன்னிரண்டு அடி அறை பதினாறு அடி போலத் தெரியும். சாதாரண அகன்ற வில்லையிலும் இதே கதைதான், 16 மில்லிமீற்றர் குவியத் தூரத்தில் எடுத்தால் குளியலறைகூட மண்டபம் ஆகிவிடும். (அந்த வித்தையைத் தெரிந்தே செய்யச் சொல்லும் புரோக்கர்மார் உண்டு. நான் இப்போது 20க்குக் கீழே போவதில்லை. அதனால் இரண்டு வாடிக்கையாளர் போனார்கள், போகட்டும்.)

அன்றைக்கு வீட்டுக்கு வந்து ‘மெய்நிகர்’ என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெய்க்கு நிகர். நான் எடுப்பது மெய்க்கு நிகரா? இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், விஞ்ஞான பாடத்தில் இதே ஆங்கிலச் சொல்லுக்கு நாங்கள் ‘மாய’ என்று படித்தோம். மெய் விம்பம் திரையில் விழும், மாய விம்பம் விழாது, முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவது மாய விம்பம். சிங்களத்தில் ‘அதத்ய’ என்கிறார்கள், தத்ய என்றால் உண்மை, அது அல்லாதது. ஆக ஒரே நகரத்தில் ஒரே ஆங்கிலச் சொல்லை எடுத்து, பக்கத்துக் கடைக்காரர் உண்மையல்லாதது என்கிறார், நான் உண்மைக்குச் சமம் என்று பலகை போடுகிறேன்.

மெய்நிகர் பிழையான சொல் என்று நான் சொல்லவில்லை. மெய்நிகர் நினைவகம் என்றால் பொருத்தம்தான், கணனிக்கு அது நினைவகத்தின் வேலையை நிசமாகவே செய்கிறது. மெய்நிகர் வகுப்பும் அப்படித்தான், ஆசிரியர் படிப்பிக்கிறார், பிள்ளை படிக்கிறது, வகுப்பு நடக்கிறது. ஆனால் என் படத்தில் யாரும் அந்த வீட்டுக்குப் போகவில்லை. கண் மட்டும் போய்வருகிறது. காது போகவில்லை, போயிருந்தால் ரயில் கேட்டிருக்கும். மூக்கு போகவில்லை, போயிருந்தால் மழைக்குப் பிறகு குசினிப் பக்கக் கான் (கழிவுநீர் வாய்க்கால்) என்ன மணம் மணக்கும் என்று தெரிந்திருக்கும்.

அங்கேதான் ‘கண்ணுலா’ வந்தது. கண்ணால் போகும் உலா. கண் + உலா, தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வந்தால் இரட்டிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

‘சுற்றுலா’ எனக்கு வேறு காரணத்தால் சரிவரவில்லை. சுற்றுலா என்றதும் சிகிரியாவும் பஸ்ஸும் சாப்பாட்டுப் பார்சலும் ஞாபகம் வருகின்றன. மூன்று அறை ஃபிளாட்டுக்குச் சுற்றுலா போவதாகச் சொன்னால் என் மனைவியே சிரிக்கிறாள்.

> உலா இலக்கியத்தில் உலாப் போகிறவன் தலைவன். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்கள் நின்று பார்ப்பார்கள். உங்கள் ரூரில் போகிறவரை யாரும் பார்ப்பதில்லை. பொருள் தலைகீழாகிறதே?

ஐயா, இந்த மறுமொழியை நான் மூன்று தரம் வாசித்தேன், அவ்வளவு பிடித்தது. சுவாமி வீதியுலா வரும்போதும் அப்படித்தான், நாங்கள் வாசலில் நிற்கிறோம், அவர் வருகிறார். ஆனால் உலாவுதல் என்ற வினைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லையே. காலிமுகத்திடலில் பின்னேரம் உலாவுகிறவனை யார் நின்று பார்க்கிறார்கள்? இணையத்தில் மேயும் மென்பொருளுக்கு உலாவி என்று பெயர் வைத்தபோதே, யாரும் பார்க்காமல் போய்வரும் உலாவை நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம். கண்ணுலாவை உலாவியில் பார்ப்பது ஒரு பொருத்தமும்கூட.

> காணுலா?

இதுவும் நல்ல சொல். ஆனால் காட்டுக்குள் ஜீப்பில் போவதைக் கானுலா என்கிறார்கள். வாயால் சொல்லும்போது ணகரமும் னகரமும் எத்தனை பேருக்குப் பிரியும்? வட்ஸ்அப்பில் எழுதுகிறவர்களை விட்டுவிடுங்கள். யால காட்டுக்குப் போக நினைக்கிறவர் எனக்கு அழைப்பு எடுப்பார்.

‘இணையவழி இல்லச் சுற்றுப்பார்வை’ என்று எழுதியவருக்கு நன்றி, கார்டில் இடமில்லை. ‘வீடுபார்ப்பு’ எனக்கு ஆசையான சொல், பெண் பார்ப்பது மாதிரி மண்வாசனை இருக்கிறது, இங்கே சனம் சொல்வதும் ‘வீடு பாக்க வந்தவை’ என்றுதான். ஆனால் நாளைக்கு ஒரு ஹோட்டலோ நூதனசாலையோ இதே மாதிரிப் படம் கேட்டால் அதை வீடுபார்ப்பு என்று சொல்ல முடியாது. கண்ணுலா எங்கேயும் போகும்.

இன்னொன்று. சிலர் ஒற்றைப் படத்தையும் முழு ரூரையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டு எழுதியிருக்கிறார்கள், வாடிக்கையாளர்களும் அப்படித்தான், ‘360 வீடியோ’ என்று கேட்பார்கள், அது வீடியோவே அல்ல. ஓர் இடத்தில் ட்ரைபொட்டை ஊன்றி, மீன்கண் வில்லையால் சுற்றிவர ஆறு படம், மேலே ஒன்று, கீழே ஒன்று எடுத்து, ஒன்றோடொன்று தைத்து ஒரு முழு உருண்டை ஆக்குகிறோம். அதை உலகப்படம் மாதிரி விரித்தால் அகலம் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு, ஏனென்றால் பக்கவாட்டில் 360 பாகை, மேலிருந்து கீழ் 180. கணக்குப்படி ‘கோளப்படம்’ என்பதுதான் சரி. ஆனால் புரோக்கர் அண்ணை சொன்ன ‘சுத்திப் பாக்கிற படம்’ என்பதிலிருந்து ‘சுற்றுப்படம்’ என்று எடுத்தால் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. பல சுற்றுப்படங்களைக் கோத்தால் ஒரு கண்ணுலா. ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குத் தாவ அழுத்தும் வட்டத்துக்கு ‘வாசல்’ என்று நான் பெயர் வைத்துவிட்டேன், இதில் மட்டும் உங்கள் அனுமதி கேட்கவில்லை.

‘பனோரமாவையே வைத்துக்கொள்ளலாமே, அது உலகச் சொல்’ என்றவருக்கு: அதுவும் ஒரு நாள் யாரோ உட்கார்ந்து செய்த சொல்தான். ரொபேர்ட் பாக்கர் என்ற ஓவியர், வட்டச் சுவரில் ஊர் முழுவதையும் தீட்டி நடுவில் ஆட்களை நிற்கவைக்கும் யோசனைக்கு 1787இல் காப்புரிமை எடுத்தார். அப்போது அதற்கு வைத்த பெயர் பிரெஞ்சில் ஒரு முழத்துக்கு நீண்ட தொடர், ‘ஒரே பார்வையில் இயற்கை’ என்ற மாதிரி. யார் அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்? சில வருடத்தில் கிரேக்கத்தில் ‘எல்லாம்’ என்பதையும் ‘காட்சி’ என்பதையும் ஒட்டிப் பனோரமா ஆக்கினார்கள். 1793இல் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் அதற்கென்றே வட்டக் கட்டடம் எழும்பியது. இரண்டு நூற்றாண்டுக்கு முன் அவர்களுக்கு வந்த அதே தலையிடிதான் இப்போது நமக்கு.

தைக்கும்போது தையல் தெரியாமல் இருக்க, வில்லைக்குள் ஒரு புள்ளியை அச்சாக வைத்துக் கமராவைத் திருப்ப வேண்டும். கையை நீட்டி ஒரு விரலைப் பிடித்து இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறி மூடிப் பாருங்கள், விரல் பின்சுவரில் இடம் மாறும். அந்த இடமாற்றம் நடக்காத புள்ளி அது. அதைத் தவறவிட்டால் யன்னல் கிறில் கம்பி நடுவில் உடைந்து நிற்கும், கொழும்பில் கிறில் இல்லாத யன்னல் ஏது? ஆங்கிலத்தில் புகைப்படக்காரர்கள் இதைக் கணுப்புள்ளி என்ற பொருளில் சொல்கிறார்கள், ஒளியியல்படி அந்தப் பெயரே பிழை, வில்லையின் கணுப்புள்ளி என்பது வேறொன்று. அவர்களுடைய பிழையை நாமும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ‘அசையாப்புள்ளி’ போதும் என்று நினைக்கிறேன், இயற்பியல் படித்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

வீடு முழுவதையும் கூரை கழற்றிய பொம்மைவீடு மாதிரி மேலிருந்து காட்டும் காட்சிக்குச் ‘சிற்றில்’ என்று எழுதிய சகோதரிக்கு என்ன சொல்வது. பிள்ளைகள் மணலில் கட்டும் வீடு. எனக்கு அது தோன்றவே இல்லை. எடுத்துக்கொண்டுவிட்டேன்.

கடைசியாக ஒரு மறுமொழி. ‘கண்ணுலா கவிதை மாதிரி இருக்கிறது, தொழிலில் யாரும் சொல்லமாட்டார்கள்’ என்று. அந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது, அதனால் ஒரு சோதனை செய்தேன். சனிக்கிழமை காலை பம்பலப்பிட்டியில் ஒரு வேலை (கடற்பக்க அறைகளைக் காலையிலேயே எடுத்துவிட வேண்டும், பின்னேரம் மேற்குச் சூரியன் நேராக உள்ளே வந்து யன்னலை வெள்ளைத் தாள் ஆக்கிவிடும்). கமரா எல்லாப் பக்கமும் பார்க்கும் என்பதால் வீட்டுக்கார அன்ரியையும் கூட்டிக்கொண்டு குசினிக்குள் ஒளிந்து நின்றேன். என்ன எடுக்கிறீர் என்று கேட்டார். கண்ணுலா என்றேன். விளக்கம் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தால் மெல்போர்னில் இருக்கும் மகனுக்கு வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார்: “தம்பி, கண்ணுலா எடுக்கினம், பின்னேரம் லிங்க் வரும், பார்.”

அப்புறம் அலுமாரிக் கண்ணாடியில் நாங்கள் இரண்டு பேரும் எட்டிப் பார்ப்பது விழுந்துவிட்டது, முழுவதையும் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

புதுக் கார்ட் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் இதைவிட நல்ல சொல் யாருக்காவது வந்தால் எழுதுங்கள். முக்கியமாக, பன்மை வரும்போது ‘கண்ணுலாக்கள்’ என்று எழுதுவதா ‘கண்ணுலாகள்’ என்றா? அச்சகத்துப் பெடியன் இரண்டையும் அடித்துக் காட்டிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறான்.