புதுப்பிப்பு: கறுப்பு வெள்ளையில் ‘பீட்சா’

கார்த்திக் சுப்புராஜின் திகில் படமான ‘பீட்சா’வை (2012) 1950களின் ஏவிஎம் படமாகக் கற்பனை செய்து, பீட்சா கொண்டு செல்லும் இளைஞனைத் தந்திச் சேவகனாக்கி நான் எழுதியிருந்ததற்கு, பாட்டில்லாமல் அக்காலத்தில் படம் எடுத்திருப்பார்களா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அதே நிறுவனத்துக்காக எஸ். பாலச்சந்தர் இயக்கி 1954இல் வெளிவந்த ‘அந்த நாள்’ பாடலே இல்லாத படம்தான். ஆயினும் கல்லடியிலுள்ள என் பெரியப்பா, “பாட்டில்லாட்டி கலரிச் சனம் கூக்காட்டும், மகன்” (கலரி: தியேட்டரின் மலிவு இருக்கைகள்) என்றதால், ஒரேயொரு தாலாட்டைச் சேர்த்திருக்கிறேன்.

இருண்ட வீட்டுக்குள் நாயகன் ஏந்தும் டோர்ச் லைட்டுக்குப் பதிலாக அரிக்கன் லாம்பைக் கொடுத்ததே எனக்கு மிகவும் பிடித்த மாற்றம்: லாம்பு தாழ்வாகத் தொங்குவதால் நடப்பவனின் நிழல் அவனைவிடப் பெரிதாகிச் சுவரில் ஏறும், புகை படிந்த சிமினிக்குள் சுடர் குறையக் குறைய, படிக்கட்டின் மேல்பாதி தானாகவே மறைந்துவிடும். கிராபிக்ஸ் எதற்கு? நாயகியாகப் பண்டரிபாயையே வைத்திருக்கிறேன்; ‘அந்த நாள்’ படத்தில் அவர் நடிப்பைப் பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள்.