எம்சிசி 004 கோட் வந்தால் அது மிட்சுபிஷி ஆலையில் செய்ததா?

வட்டுப்பித்தன்: சரவணன் நேற்று எழுதியதைப் படித்ததில் இருந்து ஆறவில்லை. எழுதும் வெர்பேட்டிம் டிவிடியை டிரைவில் போட்டாராம், வட்டில் பதிந்திருக்கும் அடையாளக் கோட் எம்சிசி 004 என்று காட்டியதாம், எம்சிசி என்றால் மிட்சுபிஷி கெமிக்கலாம், அதனால் அது ஜப்பானில் மிட்சுபிஷி ஆலையில் செய்த சரக்காம், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமாம். கீழே வரிசையாக நன்றி வேறு. டப்பாவின் அடியைத் திருப்பிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லையா? அந்த கோட், வட்டை வார்க்கும் அச்சான ஸ்டாம்பரிலேயே பதிந்து வருவது. ஸ்டாம்பரும், லேசர் எழுதும் சாயமும் மிட்சுபிஷியுடையவை, சரி. வட்டை அடித்தது பல நேரம் தைவானில் சிஎம்சி கம்பெனி, இங்கே இந்தியாவில் மோசர் பேர் கம்பெனி. 'மேட் இன் இந்தியா' என்று போட்ட வெர்பேட்டிமிலும் இதே எம்சிசி 004தான் வந்தது.

கோவை_சரவணன்: ஸ்டாம்பர் மிட்சுபிஷி, ஏஸோ என்கிற அந்தச் சாயம் மிட்சுபிஷி, பெயர் மிட்சுபிஷியின் வெர்பேட்டிம். அப்புறம் வேறு யார் சரக்கு? கட்டடத்துக்கு யார் வாடகை கட்டினார்கள் என்று பார்த்தா டிவிடி வாங்குவது? கோட் எம்சிசி 004. அவ்வளவுதான்.

வட்டுப்பித்தன்: "ஜப்பானில் செய்தது" என்று எழுதினீர்களா இல்லையா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

பழைய_ரைட்டர்: கோட்டை மட்டும் நம்புகிறவர்கள், ஜப்பான் வட்டுக் கம்பெனி டைய்யோ யூடன் கதையை மறந்துவிட்டீர்கள். அவர்களுடைய டிஒய்ஜி02 கோட்டைத் திருடி, எவனோ அடித்த வட்டுகள் உலகம் முழுக்க விற்றன. மென்பொருளைக் கேட்டால் 'டைய்யோ யூடன்' என்றுதான் சொல்லும். அசலைக் கண்டுபிடிக்க வட்டின் நடுவே உள்ள கண்ணாடி மாதிரி வளையத்தை வெளிச்சத்தில் பிடித்து, அங்கே பொறித்த எண்ணைப் பார்த்தார்கள்.

கோவை_சரவணன்: அது திருட்டு கோட். நான் பேசுவது அசல் கோட். இரண்டையும் ஏன் குழப்புகிறீர்கள்? லைட்ஆன் கம்பெனி டிரைவில், பிழைகளை எண்ணும் ஸ்கேன் போட்டே பார்த்துவிட்டேன். வட்டைப் படிக்கும்போது வரும் பிஐ பிழை 280 வரை இருக்கலாம் என்கிறது தரவிதி, என் வட்டு அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. எம்சிசி 004 வேலை செய்கிறது.

வட்டுப்பித்தன்: ரைட் பண்ணிய அன்றே ஸ்கேன் போட்டால் எல்லா வட்டும் நல்ல பிள்ளைதான். அதே வட்டை வேறு கம்பெனியின், பென்க்யூ டிரைவில் போடுங்கள், வேறு எண் வரும். என்னிடம் ஒரு பிராண்ட் இருந்தது, பெயர் வேண்டாம். எழுதிய அன்று ஸ்கேன் படத்தில் வரி நேராக ஓடியது. சில வருடம் கழித்து எடுத்துப் பார்த்தால் வெளி ஓரத்தில் ஊதா நிறம் திட்டுத் திட்டாக வெளிறியிருந்தது. கடைசியில் எழுதிய ஃபைல்கள்தான் முதலில் போயின. அக்காவின் கல்யாண வீடியோ சாப்பாட்டுப் பந்தியோடு நின்றுவிட்டது. அதற்கும் நல்ல கோட்தான் இருந்தது.

மதுரை_செல்வம்: மோசர் பேர் என்றால் என்ன இளப்பம்? தமிழ்ப் பட டிவிடியை 34 ரூபாய்க்கு வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் அவர்கள். நம் நாட்டுக் கம்பெனி உலகத்துக்கே வட்டு அடித்துக் கொடுத்தது, அதில் குறை கண்டுபிடிக்கிறீர்கள்.

வட்டுப்பித்தன்: இளப்பம் என்று எங்கே எழுதினேன்? அவர்கள் அடித்ததை அவர்கள் அடித்தது என்று சொல்லுங்கள் என்கிறேன். பெயரை மிட்சுபிஷிக்குத் தூக்கிக் கொடுப்பது சரவணன். அப்புறம், நீங்கள் சொல்லும் பட டிவிடி, ஆலையிலேயே படத்தோடு அச்சடித்து வரும் வட்டு. அதில் சாயமே கிடையாது. இங்கே பேச்சு எழுதும் வட்டைப் பற்றி.

கோவை_சரவணன்: மோசர் பேர் பெயரே சுவிஸ் பெயர். அதில் நம் நாட்டுப் பெருமை எங்கே வந்தது?

மதுரை_செல்வம்: 1983ல் டெல்லியில் ஆரம்பித்த கம்பெனி. சுவிஸ்காரர்களோடு கூட்டு வைத்தது நேரம் பதியும் கருவி செய்ய. ஃபிளாப்பியும் சிடியும் அதற்குப் பிறகு இங்கே உழைத்துச் செய்தது. கோட்டைப் படிக்கத் தெரிந்தவருக்கு இது தெரியவில்லையா?

கோவை_சரவணன்: அப்படிப்பட்ட கம்பெனி 2018ல் ஏன் கலைப்புக்குப் போனது?

மதுரை_செல்வம்: கடன் கழுத்தை நெரித்தால் எந்தக் கம்பெனியும் போகும். அதற்கும் வட்டின் தரத்துக்கும் என்ன சம்பந்தம்?

வட்டுப்பித்தன்: பேச்சை மாற்றாதீர்கள் சரவணன் தம்பி. நீங்கள் கும்பிடும் மிட்சுபிஷியே 2019ல் வெர்பேட்டிமை மொத்தமாகச் சிஎம்சிக்கு விற்றுவிட்டது, சுமார் 3.2 கோடி டாலருக்கு. டைய்யோ யூடன் 2015 கடைசியில் கடையை மூடியது, அந்தத் தொழில்நுட்பமும் சிஎம்சி கைக்குப் போய் 'சிஎம்சி புரோ' என்று வருகிறது. பானசோனிக் 2023ல் எழுதும் ப்ளூரே வட்டை நிறுத்தியது, சோனி 2025 பிப்ரவரியில். இன்றைக்கும் எம்சிசி கோட் வந்தால் ஜப்பான் என்பீர்களா?

கோவை_சரவணன்: யாருக்குத் தம்பி? வயது தெரியுமா உங்களுக்கு? போன வருடம் மெமரி கார்டு விவாதத்திலும் இதே தோரணைதான், கடைசிவரை யாரையும் பேச விடவில்லை. நான் சொன்னது 2012ல் வாங்கிய டப்பா. அப்போது வெர்பேட்டிம் மிட்சுபிஷி கையில். கோட் எம்சிசி 004.

வட்டுப்பித்தன்: மெமரி கார்டு விவாதத்தில் நீங்கள் போலி கார்டை அசல் என்றீர்கள். இங்கேயும் மேலே தெரிவதை மட்டும் பார்த்துத் தீர்ப்பு. 2012 என்றால் ஜப்பான் ஆகிவிடுமா? அப்போதும் தைவான், இந்தியா டப்பாக்கள்தான் கடையில் கிடந்தன.

பழைய_ரைட்டர்: சரவணன், 2022ல், நெடுநாள் தாங்கும் என்று விற்ற 25 ஜிபி எம்-டிஸ்க் வட்டில் பழைய மில்லென் கோட் போய் வெர்பேட்டிம் கோட் வந்ததே, எல்லோரும் ஏமாற்று என்று கொதித்தார்களே, அப்போது "கோட் மாறினால் என்ன, வட்டு அதேதான்" என்று எழுதியது நீங்கள்தானே?

கோவை_சரவணன்: தரம் குறையவில்லை என்று கம்பெனியே சொன்னது. அது வேறு விஷயம்.

வட்டுப்பித்தன்: கோட் அதேயாக இருந்தால் ஆலையும் அதே. கோட் மாறினாலும் ஆலை அதே. எப்படிப் போட்டாலும் உங்களுக்கே தாயம் விழ வேண்டும்.

டெராபைட்_தங்கம்: இந்தக் காலத்தில் யார் டிவிடி எழுதுகிறார்கள்? இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி வையுங்கள், வேலை முடிந்தது.

வட்டுப்பித்தன்: வைரஸ் வந்து ஹார்ட் டிஸ்க்கை முழுசாகப் பூட்டினால் என்ன செய்வீர்கள்? எழுதி முடித்த டிவிடி-ஆர் மேல் எவனும் திரும்ப எழுத முடியாது. தெரியாத விஷயத்தில் தலையிடாதீர்கள்.

டெராபைட்_தங்கம்: கேட்டது தப்பா? இதனால்தான் இங்கே புதிதாக யாரும் எழுதுவதில்லை.

வட்டுப்பித்தன்: சரவணன், கடைசியாகக் கேட்கிறேன். அந்த 2012 டப்பாவின் அடியில் ஒட்டியிருக்கும் தாளைப் படம் எடுத்துப் போடுங்கள். எந்த நாடு என்று அங்கேயே அச்சடித்திருக்கும்.

கோவை_சரவணன்: டப்பா ஊரில் இருக்கிறது. டிரைவ் காட்டிய படத்தை ஏற்கெனவே போட்டாயிற்று, போய்ப் பாருங்கள். எம்சிசி 004.

வட்டுப்பித்தன்: டிரைவ் படம் யார் கேட்டது? டப்பாவின் அடி.