மனைவி தனியாக எடுத்த வாடகை வீடு: 'பொசெஷன்' பார்த்தவர்களின் அனுபவங்கள்

கானாடுகாத்தான் வளவு

ஆந்திரேய் ஜுவாவ்ஸ்கியின் 'பொசெஷன்' (1981) பார்த்தவர்கள் நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் யாராவது இருந்தால் எங்கே, யாரோடு பார்த்தீர்கள், எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்று எழுதுங்கள். கதை, முடிவு எல்லாம் பேசுவோம், இன்னும் பார்க்காதவர்கள் இப்போதே கிளம்பிவிடலாம்.

என் கதையை முதலில் சொல்கிறேன். பங்காளி வீட்டுக் கல்யாணம் முடிந்து எல்லோரும் கார் ஏறிவிட்டார்கள். பாத்திரக்காரர் காலையில் வந்து அண்டா குண்டா எண்ணி எடுத்துப் போகும்வரை பெரிய வீட்டில் நான் மட்டும். உங்களுக்கே தெரியும், வளவு என்கிற நடு முற்றத்தைச் சுற்றி அறைகள், ஒவ்வொன்றும் ஒரு பங்குக்காரருடையது, ஒவ்வொன்றிலும் தனித்தனிப் பூட்டு, சிலதைத் திறந்து பல வருஷம். தூக்கம் வராமல் லேப்டாப்பில் இதைப் போட்டேன், பேய்ப்படம் என்று நினைத்துத்தான்.

மார்க் ஏதோ உளவு வேலை முடித்து மேற்கு பெர்லினில் இருக்கும் வீட்டுக்கு வருகிறான். வந்ததுமே மனைவி ஆன்னா பிரிந்துவிடலாம் என்கிறாள், ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. ஹைன்ரிக் என்று ஒருவன் இருக்கிறான் என்று தெரிய வருகிறது. சரி, வழக்கமான கள்ளக்காதல் கதை என்று நினைத்தால், ஹைன்ரிக்கிடமும் அவள் போவதில்லை. மூன்றாவதாக ஒரு இடம் இருக்கிறது. ஒரு பழைய குடியிருப்பில் அவள் தனியாக வாடகைக்கு எடுத்த வீடு, அதற்குள் ஒன்று வளர்கிறது.

அந்த ஜந்து வருவதற்கு முன்னாலேயே எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு காபிக் கடைக் காட்சி, மூலையில் போட்ட இருக்கையில் இருவரும் உட்கார்ந்து பையன் யாரிடம் இருப்பது, பணம் என்ன ஏற்பாடு என்று பேசுகிறார்கள். எதிரெதிரே உட்காரவில்லை. மூலையின் இரண்டு பக்கத்திலும் முதுகு தொடாத குறையாக, ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடி. அப்புறம் மார்க் நாற்காலிகளைத் தட்டிவிட்டு அவளைத் துரத்த, கடையின் சமையல் ஆட்கள் ஓடிவந்து அவனை அமுக்கிப் பிடிக்கிறார்கள். இன்னொரு இடத்தில் அவள் மின்சாரக் கத்தியைத் தன் கழுத்திலேயே வைத்துக்கொள்கிறாள். அவன் கட்டுப் போட்டுவிடுகிறான், பிறகு அதே கத்தியால் தன் கையைக் கீறிக்கொள்கிறான். அதுவரை வீடே இடிய கத்தினவர்கள் அந்த நேரத்தில் மட்டும் சாந்தமாக இருக்கிறார்கள்.

இங்கே கதவு தட்டும் சத்தம். வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணன், கையில் டார்ச்சோடு நிற்கிறார். "தம்பி, உள்ள யாரோ புருஷன் பொண்டாட்டி சண்டை போடுற மாதிரி கேக்குது, நீங்க தனியாத்தானே இருக்கீக?" நம் வளவில் சத்தம் எப்படிச் சுற்றும் என்று தெரியும் அல்லவா, அவருக்குத் தெருவரை கேட்டிருக்கிறது. மொழி இங்கிலீஷ், ஆனால் என்ன சண்டை என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

வட்டிக்கடை வீட்டுப் பேத்தி

நான் பார்த்தது எங்கள் பாட்டியோடு, ஆயா என்போம். வேண்டுமென்று இல்லை, டிவியில் நான் போட்டிருந்தேன், அவர்கள் வெற்றிலை இடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். இங்கிலீஷ் தெரியாது, வசனமும் கேட்கவில்லை. மார்க் பெட்டியோடு வந்து இறங்கியதும் ஆயா கேட்ட முதல் கேள்வி: "இவன் எங்கிருந்து வாரான்? எத்தனை வருஷங் கழிச்சு?"

எங்கள் ஐயா, அதாவது தாத்தா, பினாங்குக் கடையில் ஏஜெண்ட். அந்தக் காலத்தில் சம்பளச் சீட்டு எழுதிக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்கப் போனால் மூன்று வருஷம், அதுவரை பெண்டு பிள்ளைகள் ஊரில்தான். ஆச்சிமார்கள் இந்தப் பெரிய வீடுகளில் மாமியாரோடும் ஓரகத்திகளோடும் இருந்துகொண்டு, தனக்கென்று வேறு வைத்த அடுப்பில் தன் பிள்ளைக்கு மட்டும் சோறு ஆக்கினார்கள். ஆயா படத்தைப் பார்த்தபடியே சொன்னார்கள்: "அவுக கப்பலேறி வந்தப்ப, வந்தது அவுகதானான்னு எனக்குப் பிடிபட ரொம்ப நாளாச்சு. மொகம் அதேதான். சாப்புடுற விதம் வேற."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஏனென்றால் நான் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்தவள், முடிவு தெரியும். அந்த ஜந்து கடைசியில் என்னவாகிறது? மார்க்காகவே ஆகிறது. அதே முகம், அதே உயரம். வீடு வந்து கதவைத் தட்டுகிறது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் ஜந்து என்றால் அதிகாரம், அடக்குமுறை, கடவுள் இல்லாத உலகம் என்று என்னென்னவோ சொல்கிறார்கள். இருக்கட்டும். எனக்கு அது ஒரு புருஷன், அவ்வளவுதான். வந்து இறங்கியவன் சரிப்படவில்லை, அதனால் அவள் தன் கையால் இன்னொருவனை வளர்க்கிறாள், அதற்குக் காவல் இருக்கிறாள், துப்பறிய வந்தவர்களைக் கொல்கிறாள். மார்க்குக்கும் அதே கதைதான். பையனின் டீச்சர் ஹெலன், ஆன்னாவின் முகமேதான், கண் மட்டும் பச்சை. அமைதியாகப் பேசுவாள், பாத்திரம் கழுவிவைப்பாள். இரண்டு வேடமும் இசபெல் அட்ஜானிதான்.

அருவருப்பான காட்சிகள் வருவதற்கு முன்னால் நான் நிறுத்திவிட்டேன், வயசானவர்கள். மறுநாள் காலையில் இட்லி தட்டை வைக்கும்போது ஆயா கேட்கிறார்கள், "அந்தப் பொண்ணு வீட்டுக்குத் திரும்பிருச்சா?" இல்லை ஆயா என்றேன். "திரும்பாது" என்று சொல்லிவிட்டுச் சட்னி கேட்டார்கள்.

புதுவயல் ரைஸ்மில்

எல்லோரும் ஆகா ஓகோ என்கிறீர்கள், நான் ஒருவன் மாற்றிச் சொல்கிறேன். 'ஜுராசிக் பார்க்' டாக்டர் சாம் நீல் நடித்த பழைய படம், ஜந்துவைச் செய்தவர் கார்லோ ரம்பால்டி, 'ஏலியன்', 'ஈ.டி.' இரண்டுக்கும் ஆஸ்கர் வாங்கினவர் என்று படித்துவிட்டு ஆசையாக உட்கார்ந்தேன். அவர் செய்ததோ கொழகொழவென்று இருட்டில் கொஞ்ச நேரம். மிச்ச நேரமெல்லாம் கத்தல். முதல் காட்சியிலேயே தொண்டை கிழியக் கத்த ஆரம்பித்தால் அப்புறம் எங்கே ஏறுவது? அந்த ஹைன்ரிக் கையை ஆட்டி ஆட்டி, நடனம் மாதிரி சுழன்று பேசுவதைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். அது சிரிக்க வைக்கத்தான் என்றால் சரி.

ஆனால் சுரங்க ரயில் நிலையக் காட்சி, அதை ஒன்றும் சொல்ல முடியாது. ஆளில்லாத நடைபாதையில் ஆன்னா பையோடு வருகிறாள், சிரிக்கிறாள், பையைச் சுவரில் ஓங்கி அடிக்கிறாள், பாலும் முட்டையும் வழிகிறது, அப்புறம் உடம்பு அவள் பேச்சைக் கேட்பதில்லை. முத்துமாரியம்மன் கோயில் பால்குடத்தில் சாமி வந்து ஆடுகிறவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறோம், அதே ஆட்டம்தான். ஆனால் நம் ஊரில் இரண்டு பேர் இடுப்பில் கை போட்டுப் பிடித்துக்கொள்வார்கள், ஒருவர் திருநீறு போடுவார், யாரம்மா நீ, என்ன வேணும் என்று கேட்பார்கள், வேப்பிலை இருக்கும், மேளம் இருக்கும். இவளைப் பிடிக்க ஆள் இல்லை. யாரென்று கேட்கவும் ஆள் இல்லை. அந்தக் காட்சியை மட்டும் திரும்பப் போட்டுப் பார்த்தேன், படத்தை இல்லை.

1981 கான் விழாவில் அட்ஜானிக்குச் சிறந்த நடிகை விருது கிடைத்தது, அடுத்த வருஷம் பிரான்ஸின் சீசர் விருதும். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

தேவகோட்டை டு ஜெர்மனி

ரைஸ்மில் அண்ணே, அந்த நிலையத்துக்கு நான் போயிருக்கிறேன். வேலை விஷயமாக பெர்லினில் இருந்தபோது, யூ6 சுரங்க ரயில் பாதையில் பிளாட்ஸ் டெர் லுஃப்ட்ப்ரூக்கே நிலையம். மேலே ஏறினால் 1948-49ல் சோவியத் முற்றுகையின்போது விமானத்தில் சாமான் கொண்டுவந்து மேற்கு பெர்லினைக் காப்பாற்றினார்களே, அதற்கான நினைவுச் சின்னம், பக்கத்தில் பழைய டெம்பல்ஹோஃப் விமான நிலையம். சாதாரண நிலையம், ஆபீஸ் போகிறவர்களும் சைக்கிள் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும். நான் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றதற்கு ஒரு பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

எனக்குப் படம் புரிந்தது அந்த ஊரில் நடந்த பிறகுதான். 1980ல் எடுத்தார்கள், பெர்லின் சுவர் எழும்பி ஏறக்குறைய இருபது வருஷம். மேற்கு பெர்லின் என்றால் நாலு பக்கமும் கிழக்கு ஜெர்மனி, நடுவில் ஒரு துண்டு. மார்க் ஜன்னல் வழியாகப் பார்க்கிறான், சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிற காவலர்கள் இவன் வீட்டைப் பார்க்கிறார்கள். ஆன்னாவின் வாடகை வீடு க்ராய்ட்ஸ்பெர்க்கில், சுவரை ஒட்டி ஓடும் செபாஸ்டியன் தெருவில். படத்தில் பெர்லினே காலியாக இருக்கிறதே, மனுஷர்களே இல்லையே என்று சிலர் கேட்பார்கள். நாலு பக்கமும் அடைபட்ட ஊர், அதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. ஒளிப்பதிவாளர் ப்ரூனோ நுயிட்டனின் கேமராவும் சும்மா நிற்பதில்லை, சுற்றிச் சுற்றி வந்து, அறைக்கு மூலை எங்கே என்றே தெரியாமல் செய்துவிடும்.

ஜுவாவ்ஸ்கியின் கதையும் தெரிந்துகொள்ள வேண்டும். போலந்துக்காரர். அங்கே 'ஆன் த சில்வர் குளோப்' என்று பெரிய படம் எடுத்துக்கொண்டிருந்தார், 1977ல் அரசு நடுவிலேயே நிறுத்திவிட்டது. நடிகை மால்கோர்ஸாதா ப்ரௌனெக்கோடு கல்யாண வாழ்க்கையும் முறிந்தது. அந்த வயிற்றெரிச்சலில் எழுதியதுதான் இது. ஒரு மனுஷனின் சொந்தச் சண்டை என்று தெரிந்துவிட்டால் ஜந்து என்ன, டபுள் என்ன, எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்துவிடுகிறது.

கோட்டையூர் ஆச்சி

ஒழுங்காக உட்கார்கிறதா? எனக்கு அங்கேதான் கோபம். நான் விவாகரத்து வாங்கினவள், இந்தப் படத்தை ஒரு தோழி "உனக்குப் பிடிக்கும்" என்று சொல்லிக் கொடுத்தாள், நல்ல தோழி. முதல் பாதி முழுக்கப் புருஷன் பக்கம். அவன் ஹோட்டல் அறையில் குப்புறக் கிடந்து நடுங்குவதைப் பார்க்கிறோம், அவன் பையனைக் குளிப்பாட்டுவதைப் பார்க்கிறோம். அவள் மட்டும் வருவாள், போவாள், எங்கே போனாள் என்று நமக்கும் அவனுக்கும் தெரியாது. கைவிடப்பட்ட ஆம்பிளை எழுதிய திரைக்கதை என்பது பளிச்சென்று தெரிகிறது. அட்ஜானி அதைத் தன் உடம்பால் பிடுங்கிக்கொள்கிறார் என்பது வேறு விஷயம்.

காபிக் கடைக் காட்சி நிஜம். எங்களுக்குக் கல்யாணத்தில் இசைகுடிமானம் என்கிற திருமண ஒப்பந்தம் எழுதியபோது இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கூடி உட்கார்ந்திருந்தார்கள். பிரியும்போதும் முகப்பில் கூடினார்கள், ஆனால் பேச்சு முழுக்கச் சாமான் பட்டியல். வெள்ளிக் குத்துவிளக்கு எத்தனை, எவர்சில்வர் தூக்கு எத்தனை, இந்த எனாமல் வாளி அவர்கள் கொடுத்ததா நாங்கள் வாங்கினதா. அந்த எனாமல் வாளிக்கு மட்டும் அரைமணி நேரம். நானும் அவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு தூணைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எல்லோரும் ஜந்துவைப் பற்றியே பேசுகிறீர்கள், அவர்கள் பையன் பாப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. மார்க் ஒருநாள் வீட்டுக்கு வரும்போது அந்தப் பையன் முகமெல்லாம் ஜாம் அப்பிக்கொண்டு தனியாக இருக்கிறான், அம்மா எப்போது போனாள் என்று தெரியாது. குளியல் தொட்டியில் மூச்சடக்கி விளையாடுகிறான். கடைசியில் வெளியே கதவு தட்டுகிறது, அப்பாவின் உருவம்தான் நிற்கிறது. "திறக்காதே, திறக்காதே" என்று கத்திவிட்டு அவன் ஓடிப்போய்த் தண்ணீரில் குப்புற விழுகிறான். வந்தது யார் என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் அவன். என் மகள் அப்போது கைக்குழந்தை, அதனால் தப்பித்தேன் என்று நினைத்துக்கொள்வேன்.

கானாடுகாத்தான் வளவு

எந்தப் பதிப்பு என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: 124 நிமிஷம் ஓடுவதுதான் முழுப்படம். அமெரிக்காவில் 1983ல் வெளியிட்டபோது நாற்பது நிமிஷத்துக்கு மேல் வெட்டி, மாற்றி ஒட்டி, வெறும் பேய்ப்படமாக 81 நிமிஷத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், அதைத் தொடாதீர்கள். வெட்டப்பட்டதில் பெரும்பாலும் புருஷன் பெண்டாட்டி கதைதான் போயிற்று. பிரிட்டனில் போலீஸ் பறிமுதல் செய்யும் வீடியோப் பட்டியலில் கொஞ்ச காலம் இருந்தது. இப்போது துடைத்துச் சரிசெய்த பிரதி இருக்கிறது, அந்த நீல நிறமெல்லாம் அதில்தான் தெரியும்.

கோட்டையூர் ஆச்சி, பாதிப் படம் மார்க் பக்கம் என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவன் ஆசைப்பட்ட மாதிரியே ஒரு ஹெலன் கிடைக்கிறாள், ஒரு குறையும் இல்லை. ஆனால் அவளோடு பேச அவனுக்கு ஒன்றுமே இல்லை. அவள் இருக்கும்போதே அந்த வாடகை வீட்டைத் தேடித்தான் ஓடுகிறான், கடைசியில் ஆன்னாவுக்காகப் பிணத்தையும் மறைக்கிறான், ஹைன்ரிக்கையும் கொல்கிறான். எழுதினவருக்குத் தன் மேலேயே நல்ல அபிப்பிராயம் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அப்புறம் இன்னொன்று: எந்த முகத்தை வேண்டுமானாலும் கொடுத்து வளர்த்திருக்கலாமே, அவள் ஏன் மார்க் முகத்தையே கொடுத்தாள்? ஆச்சி இதற்குப் பதில் எழுதாமல் விடமாட்டார்கள் என்று தெரியும், எழுதட்டும்.