பல் ஊசி: முதல் முறை அழுகை, இரண்டாம் முறை?

என் மகளுக்கு ஏழு வயது. கீழ்க் கடைவாய்ப் பால் பல்லில் சொத்தை ஆழமாகப் போய்விட்டது. "ஊசியெல்லாம் கிடையாது கண்ணு" என்று சொல்லித்தான் முதல் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். உட்கார்ந்ததுமே ஊசி. மரக்க வைக்கும் ஜெல் எதுவும் தடவவில்லை, ஒரே அழுத்தில் மருந்து ஏறியது. "இல்லைன்னு சொன்னியேம்மா" என்று அவள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. வேலை பாதியில் நின்றது.

மூன்று மாதம் கழித்து வேறொரு குழந்தைகள் பல் மருத்துவரிடம் போனோம். "வலிக்கவே வலிக்காதுன்னு மட்டும் சொல்லாதீங்கம்மா" என்றார் முதலில். ஈறைப் பஞ்சால் துடைத்து உலர்த்தினார். ஈரம் இருந்தால் ஜெல் எச்சிலோடு போய்விடுமாம். பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் ஜெல் எடுத்து ஈறில் வைத்து, இரண்டு நிமிடம் அப்படியே பிடித்திருந்தார். "பல்லைத் தூங்க வைக்கப் போறேன், கொஞ்சம் அழுத்துற மாதிரி இருக்கும்" என்றார். ஊசி அவள் கண்ணில் படவே இல்லை. உதவியாளர் அதைத் தாடைக்குக் கீழே நீட்ட, டாக்டர் அங்கேயே வாங்கிக்கொண்டார். இரண்டு விரலால் கன்னத்தைப் பிடித்து லேசாக ஆட்டிக்கொண்டே, வலது கால் தூக்கு, இடது கால் தூக்கு என்று பேச்சுக் கொடுத்தார். மருந்து சொட்டுச் சொட்டாக ஏறியது. இறுக்கி மடக்கியிருந்த அவள் கால் விரல்கள் ஒவ்வொன்றாக விரிவதை நான் பார்த்தேன்.

பதில் 1

நான் குழந்தைகளுக்கான பல் மருத்துவர். குத்துவதைவிட மருந்து ஏறும் வேகம்தான் பெரும்பாலும் வலிக்கும். இடமில்லாத சதைக்குள் திடீரென்று திரவம் புகுகிறது இல்லையா. ஒரு மில்லிக்கு ஒரு நிமிடம் என்பது எங்கள் கணக்கு. மரக்க வைக்கப் போடும் மருந்து, அதாவது அட்ரினலின் கலந்த லிக்னோகெயின், அமிலத்தன்மை உள்ளது, அதனாலும் எரியும். மேலண்ணம்தான் மிகவும் கஷ்டம், அங்கே சதை எலும்போடு ஒட்டியிருக்கும். அதனால் வெளிப்பக்க ஈறை முதலில் மரக்க வைப்பேன். பிறகு பற்களுக்கு இடையே உள்ள ஈறு வழியாக மெல்ல உள்ளே போவேன். வெளியே கூட்டம் காத்திருந்த நாட்களில் நானும் அவசரப்பட்டிருக்கிறேன். அந்தக் குழந்தைகளின் முகம் மறக்கவில்லை.

இன்னொன்று: பென்சோகெயின் என்ற மரக்க வைக்கும் ஜெல்லைக் கடையில் வாங்கி, இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தடவாதீர்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும் ஆபத்து உண்டு.

பதில் 2

ஊசிக்குப் பிறகும் கவனம் வேண்டும். என் பையன் மரத்துப்போன உதட்டை விளையாட்டாகக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறான். மறுநாள் வீங்கி, வெள்ளையாகிவிட்டது. சீழ் என்று பயந்து ஓடினோம். கடித்த புண் ஆறுகிறது, அவ்வளவுதான் என்றார் டாக்டர். இப்போதெல்லாம் மரப்பு போகும்வரை, இரண்டு மூன்று மணி நேரம், சாப்பாடு கிடையாது, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

பதில் 3

முதலில் எழுதிய அம்மாதான். அடுத்த வாரம் இன்னொரு பல்லுக்குப் போக வேண்டும். நேற்று ராத்திரி மகள் கேட்டாள்: "ஊசி உண்டுதானேம்மா? அதுக்கு முன்னாடி அந்த ஜெல் வைப்பாங்கல்ல?" இரண்டுக்கும் ஆமாம் என்றேன். சரி என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.