சோங்சிங்கில் தரைத்தளம் எது?

சீனாவின் சோங்சிங் நகரில் போய் இறங்கிய அன்றே ஒன்று விளங்கிவிட்டது. அந்த ஊரில் முகவரி மட்டும் போதாது, எந்த மாடி வழியாகப் போக வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

கைபேசி வரைபடம் விடுதி வந்துவிட்டது என்கிறது. பக்கத்தில் இருப்பதோ ஒரு கைப்பிடிச் சுவர். எட்டிப் பார்த்தால் அடியாழத்தில் இன்னொரு தெரு, அதில் பேருந்து போகிறது. பெட்டியோடு நின்ற என்னைக் காய்கறிப் பையுடன் வந்த பாட்டி ஒருவர் பார்த்தார். விடுதியின் பெயரைச் சீன எழுத்தில் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தவர், என் முழங்கையைப் பிடித்துப் பக்கத்துக் கட்டிடத்துக்குள் கூட்டிப்போனார். தெருவிலிருந்து நேராக நுழைந்தோம், ஆனால் லிஃப்டில் அந்தத் தளத்துக்கு எண் 12! அவர் 1-ஐ அழுத்தினார். கீழே கதவு திறந்தால் அதுவும் தெருதான், எதிரே விடுதி. பாட்டி வெளியே வரவில்லை. எனக்காகவே இறங்கி வந்திருக்கிறார். நான் 'ஷியே ஷியே' (நன்றி) சொல்லி முடிப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது.

யாங்சி ஆறும் ஜியாலிங் ஆறும் கூடுகிற இடத்தில், மலைமேல் அடுக்கடுக்காக எழுந்த ஊர் அது. மற்ற சீன நகரங்களைப் போலன்றி இங்கே சைக்கிள்கள் கண்ணில் படுவதே அரிது. ஹோங்யாதோங் என்ற பாறைச்சரிவுக் கட்டிடத்தில், ஆற்றங்கரைச் சாலையில் நுழைந்து 11 மாடி ஏறினால் மேலே இன்னொரு சாலையில் வெளியே வரலாம். லிசிபா நிலையத்தில் மோனோரயில் 19 மாடிக் குடியிருப்புக்குள் புகுந்து போகிறது. கட்டிடத்தைத் துளைத்து ரயில் விட்டார்கள் என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியில்லை. இரண்டையும் சேர்த்துத் திட்டமிட்டே கட்டினார்கள்.

மக்கள்தொகை 3 கோடிக்கு மேல் என்று படித்துவிட்டு மிரள வேண்டாம். அது 1997-இல் சிச்சுவானிலிருந்து பிரித்த, சுமார் 82,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நிர்வாகப் பகுதி முழுவதற்குமான கணக்கு. கிராமங்களும் வயல்களும் அதில் அடக்கம்.

இரவு ஹாட்பாட் சாப்பிட்ட கடை ஒரு குகை. 1938 முதல் ஜப்பானிய விமானங்கள் அன்று சீனாவின் போர்க்காலத் தலைநகராக இருந்த இந்த ஊர்மீது குண்டு வீசியபோது மக்கள் பதுங்கப் பாறையில் குடைந்த சுரங்கங்களில் சில இப்போது உணவகங்கள். மாட்டுக்கொழுப்பில் மிளகாய் மிதக்கும் குழம்பு, ஒன்பது கட்டம் பிரித்த சட்டியில் கொதிக்கிறது. அதில் இறைச்சியும் காய்களும் போட்டு, வெந்ததை எடுத்து, நசுக்கிய பூண்டு போட்ட எள்ளெண்ணெயில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். காரம் நமக்குப் பழக்கம்தான். சிச்சுவான் மிளகு நாக்கை மரத்துப்போகச் செய்வதுதான் புதிது. பக்கத்து மேசையில் குழந்தைகள் கூச்சலும் சிரிப்புமாக இருந்தார்கள். குகைச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன், ஈரமாகச் சில்லென்று இருந்தது.

கிளம்பும் நாள் காலை அதே லிஃப்டில் 12-க்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். காய்கறிப் பையோடு பலர் வந்தார்கள். பாட்டி மட்டும் வரவில்லை.